முதுகு காட்டி விளையாடுதல்

ஜனவரி 21

அண்ணா,

நேற்று ரயில் நிலையத்து டீக்கடையில் உன்னிடம் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். நலம் விசாரிப்பது பிறகு.

"உங்க ரூம்ல மூலையில உக்காந்து எழுதுறீங்களே, அப்படி என்னத்தைத்தான் பாக்குறீங்க?" என்று கேட்டாய். நான் சொன்னேன்: குழந்தை உட்காரும் உயரத்தில் நீயும் உட்கார். விளையாட்டை அவள் தேர்ந்தெடுக்கட்டும். அம்மாவைப் பற்றி எதுவும் கேட்காதே. நேரம் முடிந்ததும் இழுத்தடிக்காமல் நீயே முதலில் எழுந்திரு. நீ தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாய். உன் டீ ஆறி ஆடை கட்டியது.

சொல்லாதது இது. பிரிந்துபோன பெற்றோர் தங்கள் குழந்தையைப் பார்க்க நீதிமன்றம் எங்கள் மையத்துக்கு அனுப்புகிறது. ஒரு மணி நேரம். நாங்கள் கண்டதை எழுதுகிறோம். அப்படி வருகிற அப்பாக்கள் எல்லோரும் நீ கேட்ட அதே கேள்வியை, கிட்டத்தட்ட அதே குரலில் கேட்கிறார்கள். அம்மாக்களும்தான். என் குழந்தைக்கு இப்போது என்ன பிடிக்கிறது, நீங்கள் கவனித்தீர்களா என்று கேட்பவர்கள் அபூர்வம். உன் கேள்விக்கு நான் பதில் சொல்லக் கூடாது. வெளியாள் என்றால் சிரித்து மழுப்பியிருப்பேன். நீ என்பதால் சொன்னேன். நீ போகிற உன் ஊர் மையத்தில் எனக்கு யாரையும் தெரியாது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து உறுத்துகிறது.

பதிலுக்கு நீ ஒன்று சொல்ல வேண்டும். உன் பொண்ணு மிளகுக்கு இப்போது என்ன பிடிக்கிறது? நான் கடைசியாகப் பார்த்தபோது எதைச் சொன்னாலும் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஏழு வயதில் என்ன தின்கிறாள், எதற்குச் சிரிக்கிறாள்? எழுது.

போனில் எதுவும் வேண்டாம், எல்லாவற்றையும் அச்செடுத்து நீதிபதி முன் வைத்துவிடுவார்கள் என்று உன் வக்கீல் சொன்னாராம். கடிதத்தையும் வைக்கலாம் என்று அவரிடம் சொல்லிவிடாதே, பாவம்.

முதுகு வலி எப்படி? லிஃப்ட் பழுது பார்க்கக் குழிக்குள் குனியும்போது பெல்ட் போடுகிறாயா? எனக்குத் தலைவலி மட்டும்தான். உன்னைப் போல அதுவும் கூடப்பிறந்தது.

பூச்சி

---

பிப்ரவரி 9

அன்புள்ள பூச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நலம். முதுகு அப்படியேதான் இருக்கிறது, பெல்ட் போட்டாலும் ஒன்றுதான் போடாவிட்டாலும் ஒன்றுதான். உன் தலைவலிக்குக் காரணம் புத்தகம். நீ படித்ததை எல்லாம் அடுக்கினால் லிஃப்ட் இல்லாமலே மூன்றாம் மாடிக்கு ஏறிவிடலாம். எனக்கும் வேலை மிச்சம்.

நீ சொன்னதெல்லாம் செய்தேன். இங்கே மையத்தில் எங்களைப் பார்த்து எழுதுகிறவர் எப்போதும் ஒரு பழுப்பு ஸ்வெட்டர் போட்டிருக்கிறார். ஸ்வெட்டர் அம்மா என்று பெயர் வைத்திருக்கிறேன். நான் தரையில் உட்கார்ந்ததும் அவர் நிமிர்ந்து பார்த்தார். மிளகு கட்டைகளை எடுத்துக் கட்டடம் கட்டினாள். இதுக்கு லிஃப்ட் எங்கே என்று கேட்டேன், சிரித்தாள். ஸ்வெட்டர் அம்மா ரொம்ப நேரம் எழுதினார். மணி ஆனதும் நானே எழுந்தேன். ஸ்வெட்டர் அம்மா லேசாகத் தலையசைத்த மாதிரி இருந்தது.

உன் அண்ணி கோர்ட்டில் என்ன சொல்லியிருக்கிறாள் தெரியுமா? குழந்தையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிற மனுஷன் என்று. ஒரே ஒரு தடவை பூச்சி. கர்ப்பமான ஒரு பெண் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். போகாமல் இருக்க முடியுமா? அதைச் சொல்லியே என்னை வாரத்துக்கு ஒரு மணி நேர அப்பாவாக ஆக்கி வைத்திருக்கிறாள். சனிக்கிழமைகளில் என் வீட்டில் தங்க அனுமதி கேட்டு மனுப் போட்டிருக்கிறேன். அது சரியாக நடந்தால் பிறகு என்னோடேயே வைத்துக்கொள்ளக் கேட்பேன். மிளகு என்னோடு இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இன்னும் ஏதாவது இருந்தால் எழுது. சின்னச் சின்ன விஷயம்தான் அங்கே எடுபடுகிறது.

படித்ததும் கிழித்துவிடு.

அண்ணன்

---

பிப்ரவரி 20

அண்ணா,

கிழிக்கவில்லை. கிழித்துவிடு என்று எழுதி வருகிற கடிதத்தை யாரும் கிழிப்பதில்லை. நாலு கதை படித்தவளுக்குத் தெரியும்.

உன் கடிதத்தில் ஸ்வெட்டர் அம்மா பக்கம் முழுக்க இருக்கிறார். நிமிர்ந்து பார்க்கிறார், எழுதுகிறார், தலையசைக்கிறார். மிளகு சிரித்தாள் என்று ஓர் இடத்தில் வருகிறது. அவள் என்ன பேசினாள் என்று எங்கும் இல்லை. நான் கேட்டதற்கும் பதில் இல்லை. தப்பாக நினைக்காதே, இது வேலைப் புத்தி.

டீக்கடையில் "என் பொண்ணு, என் உரிமை" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். சட்டம் அந்த வார்த்தையை உன் பக்கம் வைக்கவில்லை. உரிமை மிளகினுடையது. உனக்கும் அண்ணிக்கும் இருப்பது கடமை. அவளுக்குச் சாப்பாடு போடுவது, படிக்க வைப்பது, உடம்புக்கு வந்தால் பார்ப்பது, ஆபத்தில்லாமல் வைத்திருப்பது. உங்கள் இருவரில் யார் நல்லவர் என்று நீதிபதி பார்ப்பதில்லை. எந்த வீட்டில் அவள் பத்திரமாக இருப்பாள் என்றுதான் பார்ப்பார். அதனால் நேராகவே கேட்கிறேன். அவள் உன் வீட்டில் இருக்கும்போது எங்கோ லிஃப்ட் நின்றுபோய் உன்னைக் கூப்பிட்டால், அவளோடு யார் இருப்பார்கள்?

இன்னும் ஏதாவது எழுது என்றாய். இனி எதுவும் சொல்வதாக இல்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. பயந்த குழந்தை பெரியவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே விளையாடும். நிம்மதியான குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டு விளையாடும். பின்னால் ஆள் இருக்கிறார் என்று அதற்குத் தெரியும், திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. நாங்கள் வேறு எதை எழுதாவிட்டாலும் அதை எழுதுவோம். அது சொல்லிக்கொடுத்து வருவதில்லை.

வெந்நீர் ஒத்தடம் கொடு. கனமான பையை ஒரே தோளில் மாட்டாதே.

பூச்சி

---

மார்ச் 16

பூச்சிக்கு,

அண்ணி எழுதுகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததுமே திகைத்திருப்பாய். உன் தலைவலியைக் கேட்காமல் ஆரம்பித்தால் நன்றாக இருக்காது, கேட்டுவிட்டேன். மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்று என் கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. ஊருக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன், எனக்கு ஒன்றைப் பிரித்துப் போட நேரமில்லை.

உன் அண்ணனோடுதான் எனக்கு வழக்கு, உன்னோடு இல்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். அவரோடு ஒன்பது வருஷம் இருந்தேன். முதுகு வலி என்று ஒரு நாள் தரையில் உட்கார்ந்ததில்லை. இப்போது மையத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கட்டை அடுக்குகிறாராம். யார் வீட்டுக்குப் போனாலும் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டு வாசலில் நின்று ஊர்க்கதை பேசுகிற மனுஷன், மணி அடித்தால் முதல் ஆளாக எழுந்து டாட்டா காட்டுகிறாராம். திருந்திவிட்டார் என்றால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் திருந்துகிறவர் இப்படியா, பாடம் ஒப்பிப்பது போலத் திருந்துவார்?

இதுவாவது போகட்டும். போன வாரம் மிளகு சுவரைப் பார்த்து உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை.

"என்னடி, கோவமா?"

"இல்லம்மா. பழகுறேன்."

"என்னத்தப் பழகுற?"

"திரும்பிப் பாக்காம விளையாடப் பழகுறேன். அப்பா கேம். உன்கிட்ட சொன்னா நான் தோத்துடுவேன்."

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் என்ன கேட்டும் வாயைத் திறக்கவில்லை.

நான் ஏன் பயப்படுகிறேன் என்று உனக்குத் தெரியும். அன்றைக்குக் கடையிலிருந்து வந்து பார்த்தால் வெளியே பூட்டுத் தொங்குகிறது. உடைத்துத் திறந்தால் இவள் விளக்குப் போடாமல் ரொட்டி தின்றுகொண்டிருக்கிறாள். ஊரில் மாட்டிக்கொண்டவர்களை எல்லாம் திறந்துவிட ஓடுவார், தன் வீட்டைப் பூட்டிவிட்டு. அன்று அவள் அழாமல் உட்கார்ந்திருந்தாள். முதல் தடவை என்றால் அழுதிருப்பாள்.

அடுத்த மாதத்திலிருந்து சனிக்கிழமை அவர் வீட்டில் தங்கலாம் என்று உத்தரவாகிவிட்டது. மையத்து அறிக்கை அவ்வளவு நன்றாக இருந்ததாம். பூச்சி, உனக்கு இதில் ஏதாவது தெரியுமா? தெரியாது என்றால் தெரியாது என்று ஒரு வரி போடு. எனக்கு அது போதும்.

அண்ணி

---

மார்ச் 24

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலம். படுக்கும்போது காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள், வீக்கம் குறையும். மருந்துக் கடையில் இருப்பவருக்கே வைத்தியம் சொல்கிறேன்.

நானும் அதே வேலையில் இருப்பதால் வழக்கு விஷயமாக எதையும் எழுத முடியாது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தைகள் விளையாட்டில் எதை எதையோ கற்பனை செய்துகொள்வார்கள். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. மிளகுக்கு என் முத்தம்.

எந்தச் சனிக்கிழமையிலிருந்து என்று மட்டும் எழுதுங்கள்.

பூச்சி

---

மார்ச் 24

அண்ணா,

இன்று இது இரண்டாவது கடிதம். முதலாவது அண்ணிக்கு. தெரியாது என்று ஒரு வரி போடு, போதும் என்று கேட்டிருந்தார். அந்த ஒரு வரியைத் தவிர வெயில் வரைக்கும் எல்லாம் எழுதினேன். என்னைப் பற்றி அவருக்கு இப்போது ஒரு சந்தேகம் வந்திருக்கும். சரியான சந்தேகம்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்து விளையாடு என்று மிளகுக்குச் சொல்லிக்கொடுத்தாயா?

நான் எழுதியது உனக்கு, அவளுக்கு இல்லை. அவளைப் பழக்கிவிட்டால் பிறகு அவள் மனதில் இருப்பதை யார், எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? ஸ்வெட்டர் அம்மா என்ன எழுதினாலும் அது உன் கையெழுத்தாகத்தானே இருக்கும்? என்னுடையதும்தான்.

இன்னொன்று. அழைப்பு வந்தால் யார் இருப்பார்கள் என்று கேட்டிருந்தேன்.

முதுகைப் பார்த்துக்கொள்.

பூச்சி

---

ஏப்ரல் 27

பூச்சிக்கு,

வேலை அதிகம், அதனால் தாமதம்.

அது விளையாட்டுதான். திரும்பிப் பார்க்காமல் எவ்வளவு நேரம் கட்டை அடுக்குகிறாள் என்று போட்டி. ஜெயித்தால் மிட்டாய். இதற்குப் போய் ஒரு வக்கீல் நோட்டீஸ் மாதிரி எழுதியிருக்கிறாய். எந்த அப்பாதான் பிள்ளைக்கு எதையும் சொல்லிக்கொடுக்காமல் இருக்கிறான்? பெரியவங்களைப் பார்த்தால் வணக்கம் சொல்லு என்கிறோம், அது மட்டும் நடிப்பு இல்லையா?

அழைப்பு வந்தால் கீழ்வீட்டு அக்கா வந்து உட்கார்ந்துகொள்வார். பேசி வைத்திருக்கிறேன். அவருக்கும் மிளகு என்றால் உயிர்.

இரண்டு சனிக்கிழமை தங்கிவிட்டாள். எல்லாம் நன்றாக நடக்கிறது. அடுத்த மாதம் நீதிபதி மறுபடி பார்ப்பார், ஒருவேளை என்னோடேயே விடுவார் என்கிறார் வக்கீல். உனக்கு அவ்வளவு சந்தேகம் இருந்தால் ஒரு சனிக்கிழமை நீயே வந்து பார். பென்சிலை எடுத்துக்கொண்டு வா. உனக்கும் ஒரு மூலை போட்டு வைக்கிறேன்.

அண்ணன்

---

மே 12

அண்ணா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உன் கடிதத்தில் இல்லாமல் போயிருந்த முதுகு வலியை நேரில் பார்த்தேன். தரையிலிருந்து எழும்போது கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரியாமல் பல்லைக் கடித்தாய். வீடு சுத்தமாக இருந்தது. அவளுக்குப் புதுப் போர்வை. வாசலுக்குப் பக்கத்தில் உன் கருவிப் பை. எல்லாம் சரியாக இருந்தது, அதனாலேயே நான் நிம்மதியாக உட்காரவில்லை.

நீ இருந்தபோது மிளகு நமக்கு முதுகைக் காட்டித்தான் விளையாடினாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவள் உட்கார்ந்த இடத்தைக் கவனித்தாயா? அணைத்து வைத்த டி.வி.க்கு நேர் எதிரே. அந்தக் கறுப்புத் திரையில் உன் முகமும் என் முகமும் தெரிந்தன. ஒவ்வொரு கட்டை வைத்ததும் அவள் கண் அதற்குப் போய்விட்டு வந்தது.

பிறகு உனக்கு அழைப்பு வந்தது. பையை எடுத்துக்கொண்டு ஓடினாய். நீ போன பிறகு நடந்ததை எழுதுகிறேன், உனக்குத் தெரிய வேண்டும்.

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. பூட்டும் விழுந்தது. நான் உள்ளேதான் இருந்தேன் அண்ணா. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

மிளகு எழுந்து விளக்கை அணைத்தாள். தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து கட்டிலில் வைத்தாள். செருப்பு இரண்டையும் வாசலிலிருந்து எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள், என்னுடையதையும் சேர்த்து. எல்லாம் வேலைக்குப் பழகிய ஆள் போல. அப்புறம் என் பக்கத்தில் வந்து நின்று, "நீங்க இப்ப எழுதுற ஆளா, அத்தையா?" என்று கேட்டாள்.

"அத்தைதான்," என்றேன்.

அவள் தோள் தளர்ந்தது. பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். லைட் போட்டா உள்ள ஆள் இருக்கறது தெரிஞ்சிடும். அடுப்புகிட்ட போகக் கூடாது. யாராவது தட்டினா மூச்சுச் சத்தம்கூடக் கேக்கக் கூடாது. கீழ்வீட்டு அக்கா வர மாட்டாரா என்றேன். "அவங்க காலி பண்ணிட்டுப் போயி எவ்ளோ நாளாச்சு, அத்தைக்குத் தெரியாதா?" என்று என்னைப் பாவமாகப் பார்த்தாள். வெளியே வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. "பயமா இருந்தா என் கையைப் பிடிச்சுக்கோங்க," என்றாள். பிடித்துக்கொண்டேன்.

நீ வந்து திறந்தாய். அரை இருட்டில் நாங்கள் இருவரும் கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். "அட" என்றாய். கையிலிருந்த பூட்டைப் பார்த்தாய். பால் வாங்கிவருகிறேன் என்று போய்விட்டாய். அப்போது மட்டும் பூட்டவில்லை.

நான் உள்ளே இருப்பது தெரிந்து, வேண்டுமென்று நீ பூட்டவில்லை. பூட்டியது உன் கை. ஒரே ஒரு தடவை செய்ததைக் கை பழகிக்கொள்ளாது அண்ணா.

இதை நீயாகப் போய் ஸ்வெட்டர் அம்மாவிடம் சொல். இந்த மாதக் கடைசி வாரம் வரை காத்திருக்கிறேன்.

பூச்சி

---

மே 18

பூச்சி,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

பூட்டாமல் போனால் எவனாவது உள்ளே வருவான். பூட்டினால் நான் குற்றவாளி. நான் என்ன செய்யட்டும்? கீழ்வீட்டு அக்கா போனது உண்மை. வேறு ஆள் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். கூட்டிக்கொண்டு போகலாம் என்றால் லிஃப்ட் குழிப் பக்கத்தில் குழந்தையை எங்கே நிறுத்துவது? கூப்பிட்டால் போகாவிட்டால் வேலை போகும். வேலை இல்லாத அப்பாவிடம் குழந்தையை விடுவார்களா?

உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டுகிற சத்தம் உனக்குத் தெரியாது. பெரிய பெரிய ஆபீசர்கள் எல்லாம் குழந்தை மாதிரி அழுவார்கள். நான் திறந்ததும் காலில் விழாத குறை. மிளகு ஒரு நாளும் தட்டியதில்லை. அவ்வளவு சமத்து.

நீ போய்ச் சொன்னால் சனிக்கிழமை போய்விடும். அந்த ஒரு மணி நேரமும் இருக்குமோ இருக்காதோ. இன்னும் கொஞ்ச நாள் கொடு. பகல் வேலைக்குக் கேட்டிருக்கிறேன்.

அவள் உன்னிடம் கேட்டதையே நானும் கேட்கிறேன். நீ என் தங்கையா, எழுதுகிற ஆளா?

அண்ணன்

---

மே 31

அண்ணா,

முதுகுக்கு ஒரு நல்ல டாக்டரைப் பார். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், மீதியைப் படித்த பிறகு நீ இதைப் படிக்க மாட்டாய்.

நேற்று உன் ஊருக்கு வந்திருந்தேன். உன்னைப் பார்க்கவில்லை, ஸ்வெட்டர் அம்மாவைப் பார்த்தேன். ஒரு குழந்தையைத் தனியாக வைத்துப் பூட்டுவதை எங்கள் வேலையில் இருப்பவர்கள் கண்டால் சொல்லியே ஆக வேண்டும். உறவு என்று அதில் விலக்கு இல்லை. இருந்திருந்தால் அதன் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

கண்டதை மட்டும் எழுதிக் கொடுத்தேன். அழைப்பு வந்தது. தந்தை கிளம்பினார். கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டது. குழந்தை விளக்கை அணைத்தாள், செருப்புகளை மறைத்தாள். உனக்கு அவள்மேல் அன்பு இல்லை என்று நான் எழுதவில்லை. அன்பு உண்டு என்றும் எழுதவில்லை. இரண்டுக்கும் எங்கள் தாளில் இடம் கிடையாது.

மையத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்பதையும் எழுதினேன். ஸ்வெட்டர் அம்மா அதை இரண்டு தடவை படித்தார். "அந்தக் குழந்தைய பத்தி நான் எழுதினது எல்லாத்தையும் இனிமே திரும்பப் படிக்கணும்," என்றார். என் மேலதிகாரிக்கும் அவரே தகவல் அனுப்புவதாகச் சொன்னார்.

தங்கையா, எழுதுகிற ஆளா என்று கேட்டாய். மிளகு கேட்டபோது அத்தைதான் என்றேன். அதை நம்பித்தான் அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

ஜனவரியில் கேட்டதை மறுபடி கேட்கிறேன். அவளுக்கு இப்போது என்ன பிடிக்கிறது?

பூச்சி

---

ஆகஸ்ட் 22

மிளகுக்கு வெள்ளரிக்காய் பிடிக்கும். தோல் சீவக் கூடாதாம். கேட்டேன், சொன்னாள்.

அண்ணன்

---

செப்டம்பர் 10

பூச்சிக்கு,

உன் தலைவலி கூடியிருக்கும், கேட்கத் தேவையில்லை. என் கால் பரவாயில்லை. கடையில் உட்கார ஸ்டூல் போட்டுவிட்டார்கள்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இத்தனை நாள் கழித்து அந்த மனுஷன் ஒரு கார்டு போட்டிருக்கிறார். அது உண்மையா, உன்னிடம் நல்ல பேர் வாங்க எழுதியதா என்று மிளகைக் கவனித்து எழுதச் சொல்கிறாய். நீ செய்த எல்லாவற்றுக்கும் உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, கடைசியில் செய்த ஒன்றுக்கு நன்றியும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொள்.

சனிக்கிழமை தங்குவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு மணி நேரம் மட்டும் இருக்கிறது, எழுதுவதற்குப் புதிதாக ஒருவர். உன் அண்ணன் பகல் வேலைக்கு மாறிவிட்டார், சம்பளம் குறைவாம். நீதிபதி என்னையும் விடவில்லை. கடை மூடும் வரை குழந்தை யாரிடம் இருக்கிறாள் என்று கேட்டார். பக்கத்து வீட்டில் என்றேன். அவர்களையும் கூட்டிவரச் சொன்னார். கூட்டிப்போனேன். உன்னை அந்த அறை வேலையிலிருந்து எடுத்து வாசலில் பெயர் பதிய வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

வெள்ளரிக்காய் விஷயம் எனக்குத் தெரியாது. நான் எப்போதும் தோல் சீவித்தான் வைப்பேன், அவள் அப்படியே வைத்துவிடுவாள். பிடிக்காது என்றே நினைத்திருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று காலை அவளிடம் கேட்டேன், வெள்ளரிக்காய் பிடிக்குமா என்று. பதில் சொல்லாமல் என் கையைப் பார்த்தாள். "யாருக்கு எழுதுறதுக்கு?" என்றாள். யாருக்கும் இல்லை, சும்மாதான் என்றேன். சமையலறைக்குப் போய் ஒன்றை எடுத்துக் கழுவி, எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தோலோடு முழுவதும் தின்றாள்.